அவரைக்கு எட்டாத இரவு

ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை ஐப்பசியில் பந்தலை மூடித் தழைத்துவிடும். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்து வீட்டுத் தோட்டங்களில் அப்படித் தழைத்தும் பூக்காத கொடி ஒரு பழைய கேள்வியை எழுப்புகிறது: உழைத்தவருக்குப் பலன் உரிமையா?

1910இல் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர் 'ஆர்யா' இதழில் கீதைக்கு நீண்ட விளக்கம் எழுதினார். பலனில் பற்று வேண்டாம் என்கிறது கீதை. உயர்ந்த சொல்தான், ஆனால் கொடி ஏன் பூக்கவில்லை என்று அது சொல்லாது.

சைவ சித்தாந்தம் இன்னும் நெருங்கி வருகிறது. அருள் எப்போதும் உண்டு, உயிர் பக்குவப்படும்போதே அது பதியும் என்பது மெய்கண்டார் மரபு. ஆகவே கேள்வி, பக்குவத்தைத் தடுப்பது எது என்பதாகிறது.

அவரையில் அதைப் பெரும்பாலும் நம் அன்பே தடுக்கிறது. யூரியாவும் சாணமும் மிஞ்சினால் தழைச்சத்து இலையாகவே போகும். மற்றொரு தடை வெளிச்சம். பழைய அவரை ரகங்கள் பல, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். 1938இல் தாவர ஆய்வாளர்கள் ஹேம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியை ஆராய்ந்தனர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கு காட்டியதுமே அது பூக்க மறுத்தது. பகலின் நீளத்தைவிட, இடையறாத இருளே அதற்கு முக்கியம்!

விடிய விடிய எரியும் வாசல் விளக்கு அவரைக்கும் அப்படித் தடையாகலாம். தனக்கு வரும் உரத்தையும் வெளிச்சத்தையும் கொடி தேர்வதில்லை. ஆகவே பொறுப்பு வளர்ப்பவருடையது. விளக்கை அணைத்து, யூரியாவை நிறுத்திவிட்டுக் கார்த்திகை வரை பொறுத்துப் பார்ப்பதும் வழிபாட்டில் சேர்ந்ததே.