நாள் தவறாமல் வரும் ரயில்

மன்னார்ப் பக்கத்துச் சிலாவத்துறையில் தண்டவாளம் இல்லை. ரயிலைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவன் கமராவோடு முருங்கனுக்குத்தான் போகவேண்டும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வெளி அது. வெயிலை முதுகுப் பக்கம் வைத்துத் தண்டவாளத்துக்கு எட்ட நின்றால், எஞ்சினின் இலக்கம்கூடப் படத்தில் தெளிவாக விழும். அந்த இலக்கத்தையும் திகதியையும் சுணங்கிவந்த நிமிடங்களையும் கொப்பியில் குறித்துக்கொள்வது ரயில் பைத்தியங்களின் வழக்கம்.

"ஒவ்வொரு நாளும் வாற கோச்சிதானே, அதைப் போய் ஏன் தம்பி எடுக்கிறீர்?" என்று கேட்பார்கள்.

ஒவ்வொரு நாளும் வருவதால்தான். எப்போதும் அப்படி வந்ததில்லை. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கியபோது, சென்னையில் ரயிலேறியவர் கடல் தாண்டி மறுபடி ரயிலேறி, முருங்கன் வழியே போய்க் கொழும்பில் இறங்க முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இராமேஸ்வரத்துக்கு மாறிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. இலங்கையின் உள்நாட்டுப் போர் முற்றி 1990இல் ரயிலும் இல்லாமற் போனது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் சிலாவத்துறை மக்களும் இருந்தார்கள். பலர் ஒதுங்கியது புத்தளத்தில். அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லைச் சீமெந்து ஆலைக்குக் கொண்டுபோகும் சரக்கு ரயில் பாதை அங்கே உண்டு. கல்லுக்குப் பாதை இருந்தது. மன்னாருக்குத் திரும்ப மனிதருக்குத்தான் இல்லை.

மடு றோட் வரை 2013இலும், தலைமன்னார் வரை 2015 மார்ச்சிலும் ரயில் திரும்பி வந்தது. இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் அடியிலிருந்து போட்ட பாதை. இன்று கொங்கிரீற் சிலிப்பர்களைப் பார்க்கிற பிள்ளைக்கு, இங்கே ஒரு தலைமுறைக் காலம் ரயிலே ஓடவில்லை என்றால் நம்பிக்கை வராது.

வழமை என்று நாம் அலட்சியமாகச் சொல்வது சூரியன் உதிப்பதுபோல் தானாக நடப்பதல்ல. தண்டவாளத்தோடு நடந்து ஆணி பார்ப்பவர், சிக்னல் கொடுப்பவர், கடவையில் நிற்பவர், எஞ்சினை ஓட்டுபவர் எல்லாரும் அன்றன்று செய்வதால் நடக்கிறது. புயலோ போரோ வந்த நாளின் படம் எல்லாரிடமும் இருக்கும். ஒன்றுமே நடக்காத நாளின் படம் அபூர்வம். அந்த நாளுக்குத்தான் அதிகம் பேர் உழைத்திருக்கிறார்கள். சமாதானமும் அப்படித்தான். ஒருமுறை கையெழுத்து வைத்தால் முடிகிற காரியமல்ல அது. யாராவது நாள்தோறும் வேலைக்குப் போனால்தான் மறுநாளும் இருக்கும்.