ஆர்ச்சி ஸ்டார்க்கின் கணக்கு

67. 1924-25 பருவத்தில், அமெரிக்கன் சாக்கர் லீக்கில், பெத்லஹேம் ஸ்டீல் அணிக்காக ஆர்ச்சி ஸ்டார்க் அடித்த கோல்கள். ஆடியது 44 ஆட்டம். இந்த எண்ணோடு சில நாளாக இருக்கிறேன்.

*

கிளாஸ்கோவில் 1897இல் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் நியூ ஜெர்சியின் கார்னிக்குக் குடிபெயர்ந்தது. நூல் ஆலையும் லினோலியம் ஆலையும் ஸ்காட்லாந்துக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக இழுத்த ஊர். வந்தவர்கள் மூட்டையோடு பந்தையும் கொண்டுவந்தார்கள். பதின்வயதிலேயே அங்கிருந்த ஸ்காட்டிஷ் அணியில் ஸ்டார்க் இறங்கிவிட்டார். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாயாகப் பிரான்ஸ் போய்த் திரும்பினார்.

*

அந்த 67 கோல்களும் பழைய ஆஃப்சைடு விதியில் விழுந்தவை. பந்து கிளம்பும் கணத்தில், முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருந்தாக வேண்டும். கோல்கீப்பரைக் கழித்தால் இன்னும் இரண்டு பேர். அதில் ஒருவன் சமயம் பார்த்து நாலு எட்டு மேலே ஏறி நின்றால் போதும், விசில்தான். 1925 கோடையில்தான் மூன்று இரண்டானது. அதன்பிறகு இங்கிலாந்தில் கோல் மழை. அங்கே டிக்ஸி டீன் 60 அடித்த 1927-28 பருவம் விதி தளர்ந்தபின் வந்தது. (டீனைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அவரைத்தான் உலகம் நினைவு வைத்திருக்கிறது.)

*

1930. பங்குச் சந்தை சரிந்து சில மாதங்கள். பெத்லஹேம் ஸ்டீல் அணியைக் கலைத்துவிட்டார்கள். அதே ஆண்டு உருகுவேயில் முதல் உலகக் கோப்பை. ஸ்டார்க்குக்கு அழைப்பு வந்தது. அப்போதுதான் கார் தொழில் ஒன்றைத் தொடங்கியிருந்தார். வரவில்லை என்றுவிட்டார்.

அவர் இல்லாத அமெரிக்க அணி அரையிறுதி வரை போனது. அதில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள் ஐந்து பேர்.

*

67ஐ விட இந்த மறுப்புதான் என்னை அதிகம் பிடித்து வைக்கிறது. தியாகம் என்று சொல்ல மாட்டேன். தப்புக் கணக்கு என்று சொல்லவும் வாய் வரவில்லை. பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைக்குச் சொந்தத் தொழில் என்பது சின்ன விஷயமா? உருகுவேக்குக் கப்பலில் போய்வர வாரக்கணக்காகும். அதுவரை புதுக் கடையை யார் பார்ப்பது? அந்தக் கோப்பை பின்னாளில் இவ்வளவு பெரிதாகும் என்று அன்று யார் கண்டார்கள்?

*

நாட்டுக்காக அவர் ஆடியது இரண்டே ஆட்டம், இரண்டும் 1925இல், கனடாவுடன். கடை திறந்தபின்னும் ஆட்டத்தை விடவில்லை. கார்னி ஐரிஷ் அணிக்காகவும் ஆடினார். 1985இல் கார்னியிலேயே இறந்தார்.