உடையவர் யார்?

பழைய குரோனோகிராஃப் கைக்கடிகாரம் கட்டியிருப்பவருக்கு ஓயாத வேலை உண்டு. மணி காட்டுவதோடு, பொத்தானை அழுத்தினால் தனி முள் ஓடி நொடியைக் கணக்கிடும் கருவி அது. உள்ளே சக்கரமும் நெம்புகோலும் மிகுதி. சில ஆண்டுகளுக்கொரு முறை கழற்றித் துடைத்து எண்ணெயிடவேண்டும். ஒரு நெம்புகோல் தேய்ந்தாலும் மாற்றுச் சாமான் வேண்டும். அந்தச் சாமானை வெட்டும் அச்சு எங்கேனும் இருந்தாலல்லவா அது கிடைக்கும்?

சுவிட்சர்லாந்தில் ல லோக்ல் என்னும் ஊரிலுள்ள ஜெனித் கம்பெனி, 1969 ஜனவரியில் 'எல் பிரிமேரோ' என்ற குரோனோகிராஃபை அறிவித்தது. கை அசைவிலேயே சாவி ஏறும். மணிக்கு 36,000 அதிர்வு. நொடியைப் பத்தாகப் பகுக்கும். பின்னர் பாட்டரிக் கடிகாரங்கள் சந்தையைப் பிடித்தன. 1975-இல் கம்பெனியின் அமெரிக்க முதலாளிகள், இயந்திரக் கடிகாரத்தை நிறுத்தி, அச்சுகளையும் கருவிகளையும் விற்றுத் தள்ள உத்தரவிட்டார்கள். தொழிற்கூடத்தில் பொறுப்பிலிருந்த ஷார்ல் வெர்மோ வேண்டாமென்று எழுதிப் பார்த்தார், பலனில்லை. அவற்றை மச்சில் ஏற்றி மறைத்தார். எது எதற்கானது என்று குறிப்பும் எழுதிவைத்தார்.

வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் செரிக்கும் செய்தியன்று. கழிக்கச் சொன்ன சரக்கை நம் கணக்கப்பிள்ளை கிட்டங்கியில் ஒளித்துவைத்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட மாட்டோமா? ஆளுக்கு ஆள் நல்லெண்ணம் கொண்டால் கடை நடந்தபாடில்லை. ஒப்படைத்த பொருள் அமானிதம். அதில் உடையவர் சொல்லே சொல்.

ஆயினும் அந்த அச்சுகள் முதலாளியின் கூரையை விட்டு வெளியேறவில்லை. கள்வன் பட்டியல் எழுதுவதுமில்லை. கம்பெனி கைமாறி, 1980-களில் இயந்திரக் கடிகாரத்துக்கு மீண்டும் கிராக்கி வந்தபோது, வெர்மோ மச்சைக் காட்டிக்கொடுத்தார். 1988-இல் ரோலெக்ஸ் டேடோனாவுக்கும் அந்த இயந்திரமே அடிப்படையாயிற்று. லாபம் வந்ததால் செய்தது சரியென்று நாம் சொல்லவில்லை. நஷ்டம் வந்திருந்தால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திராது.

நம் மனத்தை உறுத்துவது வேறு. சட்டப்படி அச்சுகள் முதலாளிகளுடையவைதாம். ஆனால் அவர்கள் உத்தரவிடுமுன்பே அந்தக் கடிகாரத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கட்டியிருந்தவர்கள் எத்தனையோ பேர். விற்ற சரக்கு பழுதானால் பார்த்துத் தருவோம் என்பது வாயால் சொல்லாவிட்டாலும் விலையோடு சேர்ந்ததே. அச்சுகள் உண்மையிலேயே அழிந்து, வாங்கியவர் ஒருவர் பொத்தான் வேலை செய்யவில்லையென்று கடைப்படி ஏறி வந்திருந்தால், பெட்டியடியில் இருப்பவர் அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்?