லாஃபயெட், சாப்பிடுவதற்கு முன்

வரைபடம் விரிகிறது. தென் லூசியானா. வெர்மிலியன் என்று ஒரு சிற்றாறு, பழுப்பாக, அவசரமில்லாமல். அதன் கரையில் லாஃபயெட்.

1884 வரை ஊருக்கும் ஆற்றின் பெயர். வெர்மிலியன்வில்.

எங்கே சாப்பிடுவது. தாளில் இந்த ஒரு வரி.

இப்போது பசி இல்லை. இனிமேல் வரப்போகிற பசிக்கு இன்று இடம் பார்க்கிறேன்.

*

கேஜன் சாப்பாடு என்றதும் நியூ ஆர்லியன்ஸ் பெயர்தான் முதலில் வருகிறது. அது கிழக்கே, ஏறத்தாழ 220 கி.மீ. தள்ளி. துறைமுக நகரம். அங்கே வேரூன்றியது கிரியோல் சமையல். கம்போ என்ற குழம்பில் தக்காளி சேர்ப்பவர்களும் உண்டு.

கேஜன் சமையல் இந்தப் பக்கத்துக்காரர்களுடையது. வயல், சதுப்பு, மேய்ச்சல் நிலம். ஒரே சட்டி. நீண்ட நேரம்.

இரண்டும் பல இடங்களில் கலந்துவிட்டன. எல்லை எங்கே என்று மனம் தேடுகிறது. தேடிவிட்டு வரட்டும்.

*

கிழக்கிலிருந்து வந்தால் அட்சஃபலாயா சதுப்பின் மேல் பாலம். 29 கி.மீ. நீளம். கீழே தண்ணீர். தண்ணீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்கள்.

பாலம் முடிந்து கொஞ்ச தூரத்தில் ப்ரோ பிரிட்ஜ். பிறகு லாஃபயெட். பிறகு ஸ்காட்.

மூன்று பெயர்கள். நடுவில் நிறைய இடம் விட்டு எழுதிக்கொள்கிறேன்.

*

1755. இன்றைய கனடாவின் கிழக்குக் கரை. அக்கேடியா. பிரெஞ்சு பேசும் உழவர்களை பிரிட்டிஷ் படை கப்பலேற்றுகிறது. வீடுகள் எரிகின்றன. குடும்பங்கள் பிரிகின்றன.

1765. அவர்களில் ஒரு கூட்டம் லூசியானா வந்து சேர்கிறது. கேஜன்களின் முன்னோர். 1785-இல் பிரான்ஸிலிருந்து ஏழு கப்பல்கள். ஏறத்தாழ 1,600 பேர்.

முப்பது ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையிறங்கும் காலம்.

உணவகம் குறிக்கும் தாளில் இதற்கு இடமில்லை. எழுதியாகிவிட்டது. இருக்கட்டும்.

*

பழைய மண்ணில் கோதுமை. இங்கே ஈரம், புழுக்கம். கோதுமை சரியாக வருவதில்லை. மக்காச்சோளம் வருகிறது. பிறகு அரிசி.

ரொட்டி தின்ற வாய் சோற்றுக்குப் பழகுகிறது. எத்தனை தலைமுறையின் நாக்கு அதற்கு.

*

ரூ.

கம்போவின் அடித்தளம். கொழுப்பும் மாவும் சரிபாதி. கனமான இரும்புச் சட்டி. மரக்கரண்டி.

முதலில் வெள்ளை. பிறகு மணல் நிறம். வேர்க்கடலைத் தோலின் நிறம். செங்கல். கடைசியில் சாக்லேட்.

கை நிற்பதில்லை. முக்கால் மணி நேரம், சில வேளை அதற்கும் மேல். வறுபடும் மாவின் வாசனை சட்டைத்துணியில் ஏறுகிறது. கரும்புள்ளி தெரிந்தால் போயிற்று. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி கொழுப்பு, மறுபடி மாவு.

நிறம் கறுக்கக் கறுக்க மாவின் கெட்டிப்படுத்தும் சக்தி குறைகிறது. சுவை ஏறுகிறது.

சரியான நொடியில் வெங்காயம், செலரி, குடமிளகாய் உள்ளே விழுகின்றன. சத்தம். சூடு இறங்குகிறது. நிறம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்த மூன்றுக்கும் ஊரில் பெயர் பரிசுத்த திரித்துவம். கத்தோலிக்க ஊர்.

ரூ இப்போது ஜாடியிலும் விற்கிறது. ஊர்க்காரர்களே வாங்குகிறார்கள். வேலை விட்டு வந்த களைப்பில் முக்கால் மணி நேரம் யாருக்கு இருக்கிறது.

உணவகம் தேர என்னிடம் உள்ள அளவுகோல் கம்போவின் நிறம். அதை இங்கிருந்து பார்க்க முடியாது. படங்களில் எல்லாக் கிண்ணமும் பழுப்பு.

*

கிண்ணத்தில் வெண்டைக்காய். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது.

வெண்டைக்காய்க்குப் பதில் சிலர் ஃபீலே போடுகிறார்கள். சாஸஃப்ராஸ் மரத்தின் காய்ந்த இலை, பொடித்தது. சாக்டா மக்களின் அறிவு. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தூவ வேண்டும். கொதித்தால் நூல் நூலாக இழுக்கும்.

நடுவில் சோறு. சுற்றிலும் கம்போ.

யாருடைய சமையல் இது. கேள்வி வந்து உட்கார்கிறது. கேஜன் என்ற பெயருக்குப் பின்னால் கறுப்பினக் கிரியோல் மக்களின் உழைப்பு பல நேரம் மறைந்துபோகிறது. பட்டியலில் அவர்கள் நடத்தும் கடை இருக்க வேண்டும். மற்றவை மாறலாம்.

*

எந்த மாதம்.

ஆகஸ்ட் வாக்கில் நெல் அறுவடை. தாள் நிற்கும் வயலில் இலையுதிர் காலத்தில் மறுபடி தண்ணீர் கட்டுகிறார்கள். வளைக்குள் கிடந்த கிராஃபிஷ் குஞ்சுகளோடு வெளியே வருகிறது. நன்னீரில் வாழும், கொடுக்கு உள்ள சிறு உயிர். இறாலுக்கு உறவு. குளிர்காலம் முதல் கோடைத் தொடக்கம் வரை கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள்.

ஒரே வயல். சோறும் அங்கிருந்து. அதன் மேல் ஊற்றுவதும் அங்கிருந்து.

2023 கோடையில் மழை இல்லை. மண் வெடிக்கிறது. வளைக்குள்ளேயே பல சாகின்றன. அடுத்த ஆண்டு வரத்துக் குறைந்து விலை ஏறுகிறது.

மார்ச், ஏப்ரல், மே. நல்ல மாதங்கள். அக்டோபரில் போனால் கிராஃபிஷ் அவிக்கும் கடைகள் பல பூட்டியிருக்கும். உறையவைத்த சதையில் எட்டூஃபே என்ற குழம்பு கிடைக்கும்.

காலண்டரில் விரல் நகர்கிறது. ஏப்ரலில் நிற்கிறது.

*

அவித்த கிராஃபிஷ் எடைக்கு. ஒருவருக்கு மூன்று, நான்கு பவுண்டு. தட்டில் கொட்டுகிறார்கள். கூடவே மக்காச்சோளம், உருளைக்கிழங்கு.

தலையைத் திருக வேண்டும். வாலை உரிக்க வேண்டும். எடையில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் சதை. மீதி ஓடு. தலைக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள்.

உதடு எரிகிறது. நகக்கண்ணில் மிளகாய்.

செல்போனைத் தொட முடியாத கை. பேச்சு நடக்கிறது. ஓட்டுக் குவியல் உயர்கிறது.

*

தாளில் பெயர்களுக்கு முன்னால் நேரங்கள் வந்துவிடுகின்றன.

காலை, பூடான். மதியம், பிளேட் லஞ்ச், சட்டி காலியாகும்வரை. மாலை, கிராஃபிஷ்.

மாலை ஆறுக்குப் பசித்தால் பிளேட் லஞ்ச் இல்லை. காலை எட்டுக்கு கிராஃபிஷ் இல்லை.

நான் தேர வேண்டியது குறைந்துகொண்டே வருகிறது. அந்தக் குறைவு இதமாக இருக்கிறது.

*

ஸ்காட்.

பெட்ரோல் பங்க். மளிகைக் கடை. இறைச்சிக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஆவி.

சோறு, பன்றி இறைச்சி, கொஞ்சம் ஈரல், வெங்காயத்தாள், மிளகாய். குடலில் அடைத்து வேகவைத்தது பூடான். முனையைக் கடித்து, உள்ளிருப்பதை வாய்க்குள் பிதுக்குகிறார்கள். தோல் காகிதத்தில் மிஞ்சுகிறது.

மேசை இல்லை. கார் பானட்டின் மேல் காகிதம் விரிகிறது. நின்றபடி சாப்பாடு.

முன்பு பன்றி அடிக்கும் நாளில் அக்கம்பக்கத்து வீடுகள் கூடும். பூஷரி. ஃபிரிட்ஜ் இல்லாத காலம். இறைச்சியைப் பகிர்ந்தே ஆக வேண்டும். தோலும் கொழுப்பும் பொரிந்து கிராக்லின். துண்டு துணுக்கும் ஈரலும் சோற்றோடு சேர்ந்து பூடான். இந்த வாரம் இந்த வீடு. அடுத்த வாரம் அடுத்த வீடு.

2012-இல் மாநிலச் சட்டமன்றம் ஸ்காட்டுக்கு உலகின் பூடான் தலைநகர் என்று பட்டம் தருகிறது. அங்கே பெஸ்ட் ஸ்டாப், 1986 முதல். பில்லீஸ். லாஃபயெட்டுக்குள் ஜான்சன்ஸ் பூக்கனியே. அந்தக் குடும்பத்தின் மளிகைக் கடை யூனிஸ் ஊரில் 1937-இல் தொடங்கியது.

எது நல்லது என்பதில் ஊருக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. அவரவர் அப்பா வாங்கி வந்தது.

நாற்காலி இல்லாத இந்த இடங்களை உணவகம் என்று எழுதலாமா.

முதல் வரியில் எழுதுகிறேன்.

*

வாரநாள். மதியம். பிளேட் லஞ்ச் வரிசை.

தட்டில் சோறு. மேலே பழுப்புக் குழம்பு. பன்றி இறைச்சியோ மாட்டிறைச்சியோ சட்டியில் ஒட்ட ஒட்ட வறுபடுகிறது. தண்ணீர் தெளித்துச் சுரண்டுகிறார்கள். மறுபடி ஒட்டவிடுகிறார்கள். மறுபடி சுரண்டல். குழம்பின் நிறம் முழுக்க அந்த அடிப்பிடித்ததிலிருந்து.

பக்கத்தில் பீன்ஸ், கீரை, ஒரு துண்டு ரொட்டி.

வேலைக்குப் போகிறவர்கள் நிற்கும் வரிசை. அவர்களுக்குக் கொஞ்ச நேர இடைவேளை. எனக்கு நாள் முழுக்க இருக்கிறது. பன்னிரண்டுக்குப் போகாமல் பதினொன்றுக்கே போய் எழுந்துவிட வேண்டும். ஒரு நாற்காலி அவர்களுக்கு மிஞ்சும்.

*

லாஃபயெட் பேராலயத்தின் அருகில் ஓக் மரம். வயது ஏறத்தாழ 500. அக்கேடியர்கள் வரும்போதே அது பெரிய மரம்.

மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக்கும் இடையில் இந்த மரம். சாப்பாடு எதுவும் இல்லை.

*

பால் ப்ரூடோம், சமையல்காரர். 1940-இல் பிறப்பு. ஓபலூசாஸ் பக்கத்து விவசாயக் குடும்பம். பதின்மூன்று பிள்ளைகளில் கடைசி. 1979-இல் நியூ ஆர்லியன்ஸில் அவருடைய உணவகம், கே-பால்ஸ்.

ரெட்ஃபிஷ் துண்டு. உருகிய வெண்ணெய். மசாலா. புகை கிளம்பும் வாணலி. கருகக் கருக வாட்டுகிறார். நாடு முழுவதும் அதைக் கேட்கிறது. 1980களில் மெக்சிகோ வளைகுடாவில் அந்த மீனைப் பிடிக்கக் கட்டுப்பாடு வருகிறது.

பாட்டிமார்களின் அடுப்பில் இல்லாத கருக்கல் அது. ஆனாலும் அவர் இல்லையென்றால் இந்தச் சமையலின் பெயர் என் காது வரை வந்திருக்குமா.

2015-இல் அவர் மறைகிறார். 2020-இல் கடையும் மூடுகிறது.

பலர் விரும்பியதால் ஒரு மீன் குறைந்தது. இந்த வரிக்கு அடியில் கோடு போடுகிறேன்.

*

பெரிய கடைகள். ப்ரெஜான்ஸ், 1980 முதல். கூடத்தில் பாடம்செய்த ராட்சத முதலை. கஃபே வெர்மிலியன்வில், பழைய சத்திரக் கட்டடம்.

ஒரு மாலை போதும்.

ஓல்ட் டைம் க்ரோசரி, 1982. நீள ரொட்டிக்குள் பொரித்த இறால். வைத்துக்கொள்கிறேன்.

*

1921. மாநில அரசியல் சாசனம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும் என்கிறது. விளையாட்டு மைதானத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளைக்கு அடி. இனிப் பேச மாட்டேன் என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டும். அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையிடம் பிரெஞ்சு பேசுவதில்லை. வலி தெரிந்தவர் செய்வது.

1968-இல் பிரெஞ்சைக் காக்க மாநில அரசே ஒரு மன்றம் அமைக்கிறது.

மெனு கார்டைப் படிக்கிறேன். ரூ. பூடான். எட்டூஃபே. கூர்பூயோன்.

அடிபடாமல் வாய்க்குள் இருந்தவை.

கொஞ்ச நேரம் எதுவும் எழுதவில்லை.

*

சனிக்கிழமை காலை. ப்ரோ பிரிட்ஜ். 1959 முதல் உலகின் கிராஃபிஷ் தலைநகர்.

பக் அண்ட் ஜானீஸில் ஸைடிகோ இசையோடு காலைச் சாப்பாடு. அக்கார்டியன். மார்பில் தொங்கும் நெளிதகட்டில் கரண்டிகள் உரசும் ஒலி. காப்பி ஆறுகிறது. காலையிலேயே ஆட்டம்.

ஆடாமல் உட்கார்ந்து சாப்பிட முடியுமா அங்கே. பாதம் இப்போதே லேசாகத் தரையைத் தட்டுகிறது.

*

போகும் வாரம் தவக்காலத்துக்குள் விழுகிறது.

வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. கிராஃபிஷ் கடைகளில் கூட்டம். பெரிய வெள்ளியன்று வீட்டு முற்றங்களில் அண்டா ஏறும். உறவுகள் வரும்.

விரதநாளில் இவ்வளவு மகிழ்ச்சி. எந்தப் பக்கமும் சாயாமல் அதைப் பார்க்கிறேன்.

*

பட்டியல் நீண்டுவிட்டது. வயிறு அவ்வளவு பெரிதில்லை.

ஒரு பெயரை அடிக்கிறேன். கோட்டுக்கு அடியில் இன்னும் படிக்க முடிகிறது. இன்னொன்று. பென்சில் முனை மழுங்குகிறது.

அடித்த கடைகளிலும் அந்த நேரத்தில் ரூ கிளறிக்கொண்டிருப்பார்கள்.

*

ஞாயிறு மதியத்துக்கு எதிரே ஒன்றுமில்லை. பல கடைகளுக்கு விடுமுறை. பூசை முடிந்து ஊர் தன் வீடுகளில் சாப்பிடும் நாள். கேஜன் சமையலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பட்டியலுக்கு வெளியே. யாராவது கூப்பிட்டால் மட்டும்.

அந்த வரியை வெறுமையாகவே விடுகிறேன்.

*

கம்போவோடு உருளைக்கிழங்கு சாலட் தருகிறார்கள். சிலர் அதைக் கிண்ணத்துக்குள்ளேயே போட்டுக் கலக்குகிறார்கள். சிலர் பக்கத்தில் வைத்துத் தனியாகத் தொடுகிறார்கள். சோற்றுக்குப் பதிலாகவே வைப்பவர்களும் உண்டு.

பரிமாறுபவரிடம் அவர் வீட்டில் எப்படி என்று கேட்க வேண்டும்.