காய்ச்சல் விட்ட பிறகு

அம்மை கண்ட வீடுகளில் இன்றும் ஒரு கணக்கு உண்டு. கொப்புளம் வாடத் தொடங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். இடைவெளி விட்டு இரண்டாம் தண்ணீர், பிறகு மூன்றாம் தண்ணீர். அதுவரை பிள்ளை பள்ளிக்கூடம் போகாது. நோய் இறங்கிய நாளும் ஆள் தேறிய நாளும் ஒன்றல்ல என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மற்ற நோய்களுக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. டெங்குவில் படுத்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே லேப்டாப்பைத் திறக்கிறார். காய்ச்சல் விட்ட அம்மா அன்று மாலையே அடுப்படியில் நிற்கிறார்.

ஒரு காலத்தில் மருத்துவம் இதற்கு நேரெதிராக நடந்தது. 1940-களில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரை கட்டிலைவிட்டு இறங்க விடமாட்டார்கள். இதயத் தசையில் செத்துப்போன பகுதி தழும்பாகி இறுக ஏறக்குறைய அத்தனை நாள் பிடிக்கும்; அதற்குள் உடம்பை அசைத்தால் இதயம் கிழிந்துவிடுமோ என்று அஞ்சினார்கள். ஆனால் அசையாமல் கிடந்தவர்களின் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துப் பலர் உயிரிழந்தார்கள். பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரு டாக்டர்கள் இத்தகைய நோயாளிகளைத் தொடக்கத்திலேயே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர்கள் நன்றாகவே தேறினார்கள். 1952-இல் அந்த அனுபவம் மருத்துவ இதழில் வெளிவந்தது.

கட்டில் என்ன செய்யும் என்பதை 1966-இல் டல்லாஸில் நடந்த ஆய்வு இன்னும் துலக்கமாகக் காட்டியது. நோய்நொடி இல்லாத ஐந்து இளைஞர்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய இருபது வயது. மூன்று வாரம் படுத்தே இருந்தார்கள். கடும் உழைப்பின்போது உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்துவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, வயது அவர்களிடமிருந்து பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம் என்று தெரிந்தது. 1966-இல் படுக்கையில் இழந்ததை அவர்களுக்கு அப்போதே மீட்டுக் கொடுத்தது ஓய்வு அல்ல, படிப்படியாகக் கூட்டிய சுமார் எட்டு வார உடற்பயிற்சி.

சென்னைக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. காசநோய்க்கு நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை என்று உலகமெங்கும் சானடோரியங்கள் இயங்கின. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் சிகிச்சை. மற்றவர்களுக்கு அதே மாத்திரை, ஆனால் வீட்டில். நெரிசலான வீடு, குறைவான சாப்பாடு, வேலையும் விட்டபாடில்லை. ஓராண்டு முடிவில் இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவு குணமாகியிருந்தார்கள். சானடோரியத்தின் யுகம் முடிய இந்த ஆய்வு முக்கியக் காரணம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சென்னை ஆய்வு கட்டிலைத்தான் தள்ளிவைத்தது, காலத்தைத் தள்ளிவைக்கவில்லை. வீட்டில் இருந்தவர்களும் ஓராண்டு மாத்திரை சாப்பிட்டார்கள். இன்று வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். அதில் முதல் சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும், எடை ஏறும். ஆபத்தான இடமே அதுதான். "எனக்குச் சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்துபவர் உடம்பில் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கும். அந்த மருந்துக்கே அடங்காத கிருமியாகவும் மாறக்கூடும். மாரடைப்பிலும் அப்படியே: நோயாளி இன்று சீக்கிரம் எழுந்து நடக்கிறார், ஆனால் தழும்பு இறுக இன்றும் வாரங்கள் ஆகின்றன. படுக்கை வேண்டாம் என்று மருத்துவம் சொன்னதை, அவகாசமே வேண்டாம் என்று நம் அலுவலகங்களும் குடும்பங்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. இது பெரிய தவறு. சிக்குன்குனியா வந்தவருக்குக் காய்ச்சல் சில நாளில் போய்விடும். மூட்டுவலி மாதக்கணக்கில் இருக்கலாம். அவர் விரலை மடக்க முடியாமல் தவிக்கும்போது, வெளியே பார்ப்பவருக்கு அவர் நன்றாகத்தான் தெரிகிறார்.

தேறுவதற்கு அவகாசம் வேண்டும் என்பது சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உரிய சந்தா கட்டியிருக்கும் தொழிலாளிக்கு, டாக்டர் சான்று தந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு அதற்கு மேலும் நீட்டிப்பு உண்டு. கட்டட வேலையில் சித்தாளாக இருப்பவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் பெரும்பாலும் இந்த ஏற்பாடு எட்டுவதில்லை. அவர்களுக்கு ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் கூலி.

வீட்டில் வேலை செய்பவர் காய்ச்சலில் படுத்தால் அந்த நாள்களின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். தேறி வந்த ஊழியருக்கு முதல் வாரம் பாதி வேலை கொடுங்கள். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார் என்றாலும், சமையலை இன்னும் ஒரு வாரம் வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.