கவருக்குள் ஒரு மாயாவி

வருடம் முடிகிறபோது எனக்கு ஒரு பழக்கம். அந்த வருடம் படித்த காமிக்ஸில் பிடித்தவை எவை என்று டைரியில் எழுதி வைப்பேன். 'இந்த வயசிலுமா?' என்று நீங்கள் சிரிக்கலாம். வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

இந்த வருடப் பட்டியலில் ஒரு டெக்ஸ் வில்லர், ஒரு லக்கி லூக், ஒரு தோர்கல். நான்காவதாக, 'இரும்புக்கை மாயாவி'. 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியுமே, அதே ஆசாமிதான்.

காமிக்ஸ் வாங்குகிறவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. புத்தகக் காட்சிக்கு இரண்டு நாள் தாமதமாகப் போனால், 'தீர்ந்துடுச்சு சார்.' கூரியரில் வரவழைத்தால் முனை மடங்கி வரும். தீர்ந்துபோன இதழைத் தேடி அலைந்தால், அட்டையில் போட்ட விலையைப் போலப் பத்து மடங்கு சொல்ல ஒருவர் காத்திருப்பார். மாயாவிக்காக எனக்கும் ஒருவர் காத்திருந்தார். நான்காயிரம் ரூபாய். 'சின்னப் பசங்க புத்தகத்தை வெச்சு இப்படிச் சம்பாதிக்கிறது நியாயமா?' என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

போன வாரம் அக்கா மகன் வந்திருந்தான். பத்து வயது. அலமாரியில் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த மாயாவியைப் பார்த்து, "மாமா, இதைப் படிக்கட்டுமா?" என்றான்.

"அது வேணாம்டா. மறுபதிப்பு இருக்கு, அதைப் படி."

"ரெண்டும் ஒரே கதைதானே?"

"ஆமா."

"அப்ப இதை எதுக்கு வாங்கினீங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி. "நீங்க இதைப் படிச்சிட்டீங்களா மாமா?"

படிக்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து கவரைப் பிரிக்கவே இல்லை. அந்தக் கதை எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில், ஐந்து பையன்கள் கைமாறி அட்டை போன ஒரு பிரதியில். இந்த வருடம் தொடாத புத்தகத்தை, இந்த வருடம் பிடித்தது என்று எழுதி வைத்திருக்கிறேன்!

அமெரிக்காவில் இதைப் பெரிய தொழிலாகவே செய்கிறார்கள். 1938-ல் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் இதழின் விலை 10 சென்ட். 2024-ல் அதன் பிரதி ஒன்று 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பழைய இதழ்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் மூடிக் கொடுக்கிறார்கள். பெட்டியை உடைத்துப் படித்தால் அந்த மார்க் செல்லாது!

ஏன் இவ்வளவு விலை? மிச்சமிருக்கும் பிரதிகள் சொற்பம். மற்றவை எங்கே போயின? பையன்கள் படித்தார்கள், கிழித்தார்கள், நண்பனிடம் கொடுத்துத் தொலைத்தார்கள். அம்மாக்கள் பழைய பேப்பரோடு போட்டார்கள். விலை ஏறியதே, ஆசையாகப் படித்துக் கிழித்தவர்களால்தான். அந்த விலைக்குப் பயந்து இப்போது யாரும் படிப்பதில்லை. வேடிக்கைதான்.

பத்திரமாக வைப்பது தப்பா? இல்லை. யாரோ பத்திரமாக வைத்ததால்தானே மாயாவி என் கைக்கே வந்தார். ஆனால் யாருக்காகக் காக்கிறோம்? அந்த வியாபாரியைக் குற்றம் சொன்னேன். யோசித்தால் அவர் தேவலை. பணம் வாங்கிக்கொண்டாவது அடுத்தவர் கையில் கொடுத்தார். நான் யாருக்கும் கொடுக்காமல், நானும் படிக்காமல், கவருக்குக் காவல் இருந்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். காமிக்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டாத பட்டுப்புடவை, 'யாராவது பெரிய மனுஷங்க வந்தா எடுக்கலாம்' என்று மேல் தட்டில் ஏற்றிவைத்த பீங்கான் கோப்பைகள். அந்தப் பெரிய மனுஷர் இன்னும் வந்தாரா?

கவரைப் பிரித்தேன். "கையைக் கழுவிட்டு வா" என்று மட்டும் சொன்னேன். கழுவிக்கொண்டுதான் வந்தான். பாட்டி நடுவில் முறுக்கு கொடுத்ததை நான் கவனிக்கவில்லை. பதினாறாம் பக்கத்தில் இப்போது ஒரு எண்ணெய்க் கட்டைவிரல். பார்த்ததும் வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவன் முடித்ததும் நான் வாங்கிப் படித்தேன். டைரியில் நான்காவது பெயரை இனி அடிக்க வேண்டியதில்லை.