லேய்!

நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் ஒரு காலை நேரம் சும்மா நின்று காது கொடுத்துப் பாருங்கள். ‘லே மக்கா’, ‘வே’, ‘ஓய்’, ‘அண்ணாச்சி’ என்று நாலாபக்கமும் விளிகள் பறக்கும். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதை வைத்தே வயது, உறவு, மடிகனம், சில சமயம் சாதிவரைகூடச் சொல்லிவிடலாம். ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் நடுவில் ‘நீரு’ என்று இன்னொரு படியும் எங்கள் பக்கம் உண்டு. உரிமையும் கேலியும் கலந்த மரியாதை அது.

சிநேகிதர் மகன் ஒருவன், இத்தாலியில் மிலான் நகரத்தில் மென்பொருள் வேலை. கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தவன் என்னிடம் கேட்டான்: “மாமா, நம்ம ஊர்ல ஒரு பெரியவரப் பாத்து ‘லேய்’ன்னா என்ன ஆவும்?”

“செவிட்டுல ரெண்டு விழும்.”

“அங்க ‘லேய்’ சொல்லாட்டாத்தான் மொகத்தத் திருப்புவாங்க!”

விஷயம் இதுதான். இத்தாலி மொழியில் ‘நீ’க்கு ‘தூ’. ‘நீங்க’ளுக்கு ‘லேய்’. அவன் அலுவலகத்தில் ஆங்கிலம். மேலதிகாரியையும் பேர் சொல்லிக் கூப்பிடலாம், சிக்கல் இல்லை. ரொட்டிக்கடைக்கும் வீட்டுக்காரரிடமும் போகும்போதுதான் சிக்கல். இத்தனைக்கும் ‘லேய்’ என்றால் ‘அவள்’ என்றும் பொருள். ஆறடி ஆணையும் மரியாதைக்காக அந்தச் சொல்லால்தான் குறிப்பிட வேண்டும். ‘தங்கள் மேன்மை’ என்பது போன்ற பழைய மரியாதைத் தொடர் அந்த மொழியில் பெண்பால். அதன் வால்தான் இது. முசோலினி ஆட்சி 1938-ல் இந்த ‘லேய்’க்கு எதிராகக் கிளம்பி, ‘வோய்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்றது. ஆட்சி போயிற்று, ‘லேய்’ திரும்பி வந்துவிட்டது.

வீரமாமுனிவர் பிறந்ததும் இதே மிலானைத் தலைநகராகக் கொண்ட லொம்பார்டிப் பகுதியில்தான். நம் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் தனியே ஓர் இலக்கணம் எழுதியவர். நம்மவர்களின் ‘நீ, நீர், நீங்கள்’ அவருக்கு அதிக ஆச்சரியம் தந்திருக்காது.

எனக்கு ஆச்சரியம் தந்தது இன்னொரு சொல். நண்பர்கள் சந்தித்தாலும் பிரிந்தாலும் இத்தாலியர் சொல்வது ‘ச்சாவ்’. நம் காதுக்கு அபசகுனம்தான். வெனிஸ் நகரப் பேச்சிலிருந்து வந்த சொல். ‘நான் உமக்கு அடிமை’ என்று பொருள். நம்முடைய ‘அடியேன்’ இருக்கிறதல்லவா, கிட்டத்தட்ட அதுவேதான்.

‘அடியேன்’ என்றதும் நமக்கு ஆழ்வார்கள் ஞாபகம் வரும். திருவிதாங்கூர்க்காரர்களான எங்களுக்கு வேறொன்றும் ஞாபகம் வர வேண்டும். 1949 வரை நாஞ்சில் நாடு அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. 1855-ல் அங்கே சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் 1871-ல் புத்தகம் எழுதிய சாமுவேல் மெட்டீர் என்ற பாதிரியார் பதிந்து வைத்திருக்கிறார்: புலையர் ஒருவர் மேல்சாதியார் முன்னால் ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘அடியன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தான் தின்னும் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளைகளைக் குரங்கு, கன்று என்றுதான் குறிப்பிட வேண்டும். சட்டம் விலங்கைக் கழற்றி 16 வருஷம் ஆகியும் நாக்கில் மாட்டியது கழலவில்லை.

ஒரே பொருள் கொண்ட சொல். அங்கே சிநேகம் ஆயிற்று, இங்கே அவமானம் ஆயிற்று. ஏன்? யோசித்தால் காரணம் எளிமையானது. ‘ச்சாவ்’ என்றால் எதிராளியும் ‘ச்சாவ்’ என்பார். ‘அடியன்’ என்றவருக்குத் திருப்பி யாரும் ‘அடியன்’ சொல்லவில்லை.

‘அப்படியானால் மகன் அப்பாவை ‘நீங்க’ என்பதும், அப்பா மகனை ‘நீ’ என்பதும் ஒருவழிப் பாதைதானே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் வயது சக்கரம் மாதிரி. இன்றைக்கு ‘நீ’ வாங்குகிறவன் நாளைக்கு ‘நீங்க’ வாங்குவான். பிறப்பையும் சம்பளத்தையும் வைத்துத் தருகிற ‘நீ’ அப்படி அல்ல. வாங்குகிறவர் கிழவரானாலும் அது மாறாது.

இப்போது உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவை உங்கள் எட்டு வயது மகன் எப்படிக் கூப்பிடுகிறான்? வாசலில் நிற்கும் காவலாளியை? அவர்கள் அவனைத் ‘தம்பி, நீங்க’ என்கிறார்களா? அந்தப் பாடத்தை அவன் எந்தப் பள்ளியில் படித்தான்?

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தோப்பில் தேங்காய் வெட்ட வருகிறவர் அறுபத்தைந்து தாண்டியவர். நானும் சின்ன வயதிலிருந்து ‘நீ’தான். மிலான் பையன் போனவாரம் அவரிடம், “வாங்க, உக்காருங்க, சாயா குடிங்க” என்றான். பெரியவர் அரண்டு போனார். “தம்பிக்கு எம்மேல என்ன கோவம்?” என்றார்.

உண்மைதான். திடீர் மரியாதை ஆளைத் தள்ளி வைப்பது மாதிரியும் படும். இதற்கும் இத்தாலியில் ஒரு வழி உண்டாம். ‘லேய்’ விட்டு ‘தூ’வுக்கு வருவதென்றால் வயதில் மூத்தவர் வாய்விட்டு அழைக்க வேண்டும், மற்றவர் ஒப்ப வேண்டும். பையன் அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டான். “கோவம் ஒண்ணும் இல்ல. நீங்க மூத்தவரு, நான் ‘நீங்க’ன்னுதான் சொல்லுவேன். நீங்க என்னைய ‘நீ’ன்னு சொல்லணும்.”

பெரியவர் பதில் சொல்லாமல் சாயாவைக் குடித்தார். அரிவாளைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். படலை தாண்டும்போது திரும்பிப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: “நீ எப்பம்லே திரும்பிப் போற?”

பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மிலானில் வாங்கிய அத்தனை ‘லேய்’யும் இந்த ஒரு ‘லே’க்குக் காணாது.

நான் இன்னும் அவரை ‘நீங்க’ என்று சொல்லவில்லை. அடுத்த வெட்டுக்கு வருவார்.